கட்டிலுக்கடியில் இருபத்து மூன்று பேட்டரிகள்

ஜனவரி 21, ஞாயிறு

குடியிருப்போர் சங்கத்தின் உத்தரவுப்படி இந்த நோட்டைத் தொடங்குகிறேன். எந்த பேட்டரியை எப்போது சார்ஜ் போட்டேன், எப்போது எடுத்தேன் என்று தேதி வாரியாக எழுத வேண்டுமாம். எழுதுபவர் சென்னியப்பன், வயது நாற்பத்தெட்டு, மூன்றாம் மாடி, வடவள்ளி. பம்ப் கம்பெனியில் உதிரிபாகப் பிரிவு. தனி ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட்டில் குட்டி விமானம் விடுவது வழக்கம்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். போன புதன் மாலை, விமானம் தரையில் மோதியதில் வீங்கியிருந்த ஒரு பேட்டரியை, கொஞ்சம்தானே வீங்கியிருக்கிறது என்று பால்கனியில் மர முக்காலி மேல் வைத்து சார்ஜ் போட்டேன். குக்கர் மாதிரி ஒரு சீறல், வெள்ளைப் புகை, பிறகு தீ. காருக்கென்று வாங்கி வீட்டில் வைத்திருந்த சின்ன ஃபயர் சிலிண்டரை எடுத்து அடித்தேன். அடங்கியது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் மறுபடி பிடித்தது. மறுபடி அடித்தேன். சிலிண்டர் தீர்ந்தது, தீ தீரவில்லை. எரிந்த துண்டு ஒன்று கம்பி இடுக்கில் நழுவி, இரண்டாம் மாடி ராக்கியண்ணன் சாரின் துணிக்கொடியில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, வேட்டி ஈரமாக இருந்தது. ஓட்டையோடு போயிற்று. மேலே மிச்சமிருந்தது தானே எரிந்து அடங்கியது.

ராக்கியண்ணன் சார் வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைய கூட்டத்தில் அந்த வேட்டியை விரித்துப் பிடித்தார். ஓட்டை வழியாகச் சங்கத் தலைவி ஹேமலதாவின் முகம் தெரிந்தது. அவர் பல் மருத்துவர். பல்லைப் பிடுங்குவதுபோல் சுருக்கமாகச் சொன்னார்: "பிப்ரவரி இருபத்தஞ்சு அடுத்த கூட்டம். தீ விஷயம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இருந்து பாதுகாப்புச் சான்று வாங்கிட்டு வாங்க. இல்லீன்னா பேட்டரி ஒண்ணுகூட இந்த பில்டிங்குல இருக்கப்படாது."

பேட்டரி இல்லாமல் விமானம் இல்லை. விமானம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

இன்று சார்ஜ்: இல்லை.

ஜனவரி 23, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு சுந்தராபுரம் போனேன். 'கடல்விண்மீன் ஃபயர் சர்வீஸ்' என்று ஒரு கடை. வாசலெல்லாம் சிவப்பு சிலிண்டர். உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து, ஒரு சிலிண்டரின் வால்வைக் கழற்றிக்கொண்டிருந்தார். முதலாளி இருக்கிறாரா என்று கேட்டேன். "இருக்காவ, வால்வு கழத்திட்டு இருக்காவ" என்றார். அவர்தான் முதலாளி. பெயர் ஜெசிந்தா, ஊர் தூத்துக்குடி.

இருப்பதிலேயே பெரிய சிலிண்டராகக் கொடுங்கள் என்றேன். எதற்கு என்றார். சொன்னேன். வால்வைக் கீழே வைத்துவிட்டார்.

"இத வாங்கிட்டுப் போயி என்ன செய்யப் போறீய?"

"தீ புடிச்சா அடிக்கறதுக்குங்க."

"போன வாரம் அடிச்சீயளே, நின்னுச்சா? தூள் அடிச்சா சுவாலை அடங்கும், உள்ள இருக்க சூடு அடங்காது. அந்தச் சூடு இருக்க வரைக்கும் திரும்பத் திரும்பப் புடிக்கும். சூட்ட எடுக்கது தண்ணி. உங்களுது உள்ளங்கை அளவு பேட்டரி. பிளக்கப் புடுங்கிட்டு, ஒரு வாளித் தண்ணிக்குள்ள முக்கிப் போட்டா முடிஞ்சிச்சு."

உலோகத் தீக்கென்று தனி சிலிண்டர் உண்டு என்று இணையத்தில் படித்திருந்தேன். அதையும் கேட்டு வைத்தேன், விஷயம் தெரிந்த ஆள் என்று நினைக்கட்டுமே. அது மெக்னீசியத் தூள் மாதிரிச் சாமான்களுக்கு, இந்த பேட்டரிக்கு உதவாது என்று அதையும் விற்க மறுத்துவிட்டார். இரண்டு சிலிண்டர் விற்றிருக்கலாம். ஒன்றுகூட விற்கவில்லை.

சான்று கேட்டேன். வீட்டைப் பார்க்காமல் எழுதமாட்டாராம். சனிக்கிழமை வருகிறார்.

ஜனவரி 26, வெள்ளி

குடியரசு தின விடுமுறை. வீடு கூட்டினேன். துடைத்தேன். சோபா உறையைத் துவைத்தேன். தீப் பாதுகாப்புக்குச் சுத்தம் முக்கியம்.

ஜனவரி 27, சனி

காலை பத்தரைக்கு ஜெசிந்தா வந்தார். நீலச் சேலை. பருத்தி. தீக்குப் பக்கத்தில் செயற்கைநூல் ஆகாது என்பதால்தான் கவனித்தேன்.

பேட்டரிகள் எங்கே என்றார். கட்டிலுக்கடியில் பிஸ்கட் டப்பா, செருப்புப் பெட்டி, பழைய சூட்கேஸ் மூன்றிலும் இருந்ததை எடுத்து வைத்தேன். இருபத்து மூன்று. எனக்கே அத்தனை என்று தெரியாது. அவர் ஒவ்வொன்றாக விரலால் அமுக்கிப் பார்த்து, ஆறைத் தனியே ஒதுக்கினார்.

"இந்த ஆறும் அப்பளம் மாதிரி உப்பியிருக்கு. இதுக்கு மேலயா இத்தனை நாளா படுத்து உறங்குதீய?"

"ஆமாங்க."

"உறக்கம் வந்திச்சா?"

"நல்லா வந்துச்சுங்க."

சிரிக்கக்கூடாது என்று நினைத்துச் சிரித்துவிட்டார். பிறகு பால்கனியில் நின்று சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். மரம், துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் கூடாது. தரையிலும் சுவரிலும் டைல்ஸ். மணல் பரப்பிய இரும்புப் பெட்டி, அதன் மூடியில் புகை போக ஓட்டை, அதற்குள்தான் பேட்டரி. பக்கத்தில் நிறைந்த வாளியும் நீளமான இடுக்கியும். தூள் சிலிண்டர் ஒன்று, திரைச்சீலை போன்றவற்றில் தீ பரவினால் அடிக்க. வீங்கியதையும் கீழே விழுந்ததையும் சார்ஜ் போடக் கூடாது. எடுத்து வைப்பவை பாதி சார்ஜில் இருக்க வேண்டும். பெட்டியை மீறித் தீ வெளியே வந்துவிட்டால் வீரம் காட்டாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் 101-க்கு அடிக்க வேண்டும். அந்தப் புகை விஷம்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. சார்ஜ் ஏறுதப்ப ஆள் பக்கத்துலயே இருக்கணும். குளிக்க, கடைக்குன்னு எந்திரிச்சிப் போகப்பிடாது. அத மட்டும் மீறுனீயன்னா நான் கையெழுத்துப் போட்டதுக்கு அர்த்தமில்ல பாத்துக்கிடுங்க."

காபி போட்டுக் கொடுத்தேன். முழுவதும் குடித்தார்.

ஜனவரி 28, ஞாயிறு

டைல்ஸ் ஒட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மணல் சலித்தேன். கீழிருந்து ராக்கியண்ணன் சார் தலையை நீட்டி, "மறுக்கா என்னத்தப் போட்டுக் கொளுத்தறீங்க?" என்றார். மணல்தான் என்றேன். நம்பவில்லை. கொடியில் இருந்த துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

கிணத்துக்கடவு தாண்டி நாங்கள் விமானம் விடும் தரிசு நிலத்துக்குப் போனேன். வழக்கமாக வரும் இருவரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். ஒன்பது மணிக்கு ஜெசிந்தாவின் வேன் வந்து நின்றது. இடத்தைப் போன சனிக்கிழமை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில்லுக்கு சிலிண்டர் கொடுக்கப் போகிறாராம், போகிற வழியில் எட்டிப் பார்த்தாராம். வேனின் பின்பக்கம் காலியாக இருந்தது. ஏற்கெனவே கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

வீங்கிய ஆறு பேட்டரிகளையும் கொண்டு போயிருந்தேன். அதில் ஒன்றைக் கொளுத்தி அணைத்துக் காட்டட்டுமா என்றேன். "புகைய யாரு மோக்கது? சும்மா இரிங்க" என்றார். வீங்கியதை ஒழிக்க முறை வேறாம். ஆட்டோ முகப்பு விளக்கின் பழைய பல்பை ஒயரில் இணைத்து, பேட்டரியை மணல் மேல் வைத்து, அதில் மிச்சமிருக்கும் மின்சாரம் தீரும்வரை பல்பை எரியவிட வேண்டும். பிறகு மின்கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைக்க வேண்டும். இரண்டு பல்புகளை வைத்து, ஒன்று தீரத் தீர அடுத்ததை மாட்டினோம். பத்தடி தள்ளி வேன் நிழலில் உட்கார்ந்து பல்பு மங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிடங்கின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவர். கல்யாணமாகிக் கோவை வந்திருக்கிறார். கணவர் இறந்து ஏழு வருடம். ஒரே மகள் பெங்களூரில் நர்ஸ். கேட்டார் என்று என்னைப் பற்றியும் சொன்னேன். அம்மாவுக்குப் பத்து வருடம் படுக்கையில் பணிவிடை, அதற்குள் பெண் பார்க்கும் வயது போய்விட்டது, அவ்வளவுதான். "அவ்வளவுதானா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஆறும் தீர மூன்றே கால் மணி நேரம். நீண்டதாகத் தெரியவில்லை. விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, புதன்

வாளித் தண்ணீரில் உப்பு போடலாமா என்று ஒரு சந்தேகம். கடைக்குப் போய்க் கேட்டேன். வேண்டாம், வெறும் தண்ணீரே போதும் என்றார்.

பிப்ரவரி 8, வியாழன்

வாளி பிளாஸ்டிக்கா, தகரமா? கடைக்குப் போய்க் கேட்டேன். தகரமாம்.

பிப்ரவரி 9, வெள்ளி

சந்தேகம் எதுவும் இல்லை. சுந்தராபுரம் வழியாக வேறு வேலை இருந்தது. பம்ப் கம்பெனி வேலை.

பிப்ரவரி 11, ஞாயிறு

காற்று பலம். விமானம் சோளக்காட்டில் குத்திக்கொண்டு விழுந்தது. இறக்கை முறிந்தது. பேட்டரிக்கு வெளியே சேதமில்லை. வீக்கமும் இல்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாலை ஐந்தரைக்கு ஜெசிந்தா கடைசிப் பரிசோதனைக்கு வந்தார். டைல்ஸ், பெட்டி, வாளி, இடுக்கி எல்லாம் பார்த்தார். ரவா கிச்சடி செய்திருந்தேன். சாப்பிட்டார். சான்றுப் படிவத்தைக் கொடுத்தேன். முத்திரை கடையில் இருக்கிறது, அங்கே வைத்து எழுதுகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டு போனார்.

இன்று சார்ஜ்: இல்லை.

பிப்ரவரி 19, திங்கள்

தலைவலி. ஆபீஸில் முக்கால் அங்குல வால்வுக்குப் பதில் ஒன்றரை அங்குல வால்வை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதினெட்டாம் தேதிக்கு எழுதியிருப்பது பொய். இந்த நோட்டில் நான் எழுதிய ஒரே பொய் அதுதான். ஒரே பெரிய பொய் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று நாலரைக்கு ஒரு பேட்டரியை சார்ஜ் போட்டேன். சோளக்காட்டில் விழுந்த அதே பேட்டரி. ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். வெளியே ஒன்றும் தெரியவில்லையே என்று போட்டேன். அவர் வரும்போது எல்லாம் ஒழுங்காக ஓடுவதைக் காட்ட ஆசை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கிச்சடிக்குக் கொத்தமல்லி இல்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடை எதிரில்தான். ஐந்து நிமிடம். வழியில் இஸ்திரிக்குக் கொடுத்திருந்த சட்டையையும் வாங்கினேன். இருபது நிமிடம் ஆகிவிட்டது.

கதவைத் திறந்தபோது பால்கனி முழுக்க வெள்ளைப் புகை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன். இடுக்கியால் மூடியைத் தள்ளி, சீறிக்கொண்டிருந்ததைத் தூக்கி வாளியில் முக்கினேன். தண்ணீர் கொதித்தது. மறுபடி பிடிக்கவில்லை. டைல்ஸில் உள்ளங்கை அளவு கரி. வேறெதுவும் இல்லை. கீழே ராக்கியண்ணன் சார் தூங்கிக்கொண்டிருந்திருப்பார், சத்தமே இல்லை. கரியைத் துடைத்தேன். வாளியைக் குளியலறையில் ஒளித்தேன். ஃபேன் போட்டேன். சாம்பிராணி போட்டேன். சட்டை மாற்றிக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்ததும், "என்ன வாசம்?" என்றார்.

"சாம்பிராணிங்க. ஞாயித்துக்கெழமைல்லங்க."

கிச்சடி சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். நான் மூன்று நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சான்று என்பது அவர் பெயர் போட்டுக் கொடுக்கிற காகிதம். துறைமுகத்திலிருந்து இன்றுவரை காப்பாற்றி வந்த பெயர்.

நாளை போய்ச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு சுந்தராபுரம் பக்கம் போகிற வேலை இருக்காது.

பிப்ரவரி 21, புதன்

நோட்டு கையில் இல்லை. இதை காலண்டர் தாளின் பின்புறம் எழுதுகிறேன்.

கடைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கொத்தமல்லி உட்பட. அவர் மேசை இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து வைத்தார். ஒரு எழுத்துகூட எழுதப்படவில்லை. பையிலிருந்து முத்திரையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இருவத்தோரு வருசமா இந்த வேலை பாக்கேன். சாம்பிராணிக்கும் பேட்டரிக்கும் வாசம் தெரியாதா எனக்கு? முத்திரை எப்பவும் என் பையிலதான் கெடக்கும். வருவீயளான்னுதான் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்கும் வரலன்னா கிழிச்சிப் போட்டிருப்பேன்."

"மன்னிச்சுக்கங்க."

"கோவம் இல்லங்கல, இருக்கு. நீங்க இல்லாதப்ப அந்தப் பெட்டி தீயத் தாங்கி நின்னுச்சு, அது சரிதான். ஆனா வாளி தானா எந்திரிச்சு வராது. ஆளு இருக்கணும். அதச் சங்கத்துல நீங்களே எந்திரிச்சி வாசிக்கணும். வாசிப்பீயன்னா சான்று எழுதுதேன். நடந்தது எல்லாத்தையும் எழுதித்தான் தருவேன். அந்த நோட்டக் குடுங்க, நகல் எடுத்து கூட வைக்கணும்."

பெரிய பாரம் இறங்கிய மாதிரி நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22, வியாழன்

இன்று ஆபீஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்த நோட்டில் என்னென்ன எழுதியிருக்கிறேன்? சேலை பற்றி எழுதியிருக்கிறேன். காலி வேன் பற்றி. மூன்றே கால் மணி நேரம் பற்றி. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, சனி

படித்திருக்கமாட்டார். வேலை அதிகம் உள்ளவர். படித்திருப்பார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நோட்டு திரும்பி வந்துவிட்டது. அதிலேயே எழுதுகிறேன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். ஜெசிந்தாவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, அவர் எழுதிக் கொடுத்த சான்றிலிருந்து பதினெட்டாம் தேதி நடந்ததை முழுவதும் வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஒரே இரைச்சல். "மறுபடியும் தீயா?" "இவரை முதல்ல காலி பண்ணச் சொல்லுங்க!" ஹேமலதா கையைத் தூக்கி அடக்கினார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதுங்களே. எதுக்குச் சொன்னீங்க?"

"சான்றுல போடறது இன்னொருத்தர் பேருங்க" என்றேன்.

ராக்கியண்ணன் சார் எழுந்தார். வேட்டியை விரிப்பார் என்று நினைத்தேன். இடுப்பில் கட்டியிருந்தது நல்ல வேட்டி. "இருங்க. அன்னைக்கு அஞ்சு மணிக்கு நான் நேர் கீழ பால்கனியிலதான் படுத்திருந்தேன். மேல தீ புடிச்சு அணைஞ்சது எனக்குத் தெரியவே தெரியாது. எரிஞ்சது எவ்வளவுங்க?"

"உள்ளங்கை அளவு கரிங்க."

"என்ற துணி மேல ஒண்ணும் வுழுகல. அப்ப அந்த ஏற்பாடு வேலை செஞ்சிருக்குதல்லோ? தப்பு ஏற்பாட்டுல இல்ல, இவரு எந்திரிச்சுப் போனதுல. அதை அவரே ஒத்துக்கிட்டாரு." சுற்றிலும் பார்த்தார். "சரி, நானும் சொல்லிப்போடறேன். என்ற மவன் வாங்கிக் குடுத்த கரண்டு ஸ்கூட்டரோட பேட்டரிய ராவெல்லாம் கட்டில் பக்கத்துலதான் சார்ஜ் போடறேன்."

அவ்வளவுதான். முதல் மாடியில் ஒருவர் வாசற்கதவுக்குக் குறுக்கே போடுகிறாராம். நான்காம் மாடியில் சமையலறையில். கடைசியில் ஹேமலதா தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மின்சார சைக்கிளின் பேட்டரி செருப்பு அலமாரிக்குள் இருக்கிறது என்றார். எல்லோரும் பின்வரிசையைப் பார்த்தார்கள். ஜெசிந்தா எழுந்து முன்னால் வந்தார். ஸ்கூட்டர் பேட்டரிக்கு என்னுடைய வாளி போதாது, அதில் தீப்பிடித்தால் அணைக்க நிற்கவே கூடாது, எல்லோரும் வெளியேற வேண்டும், அதனால்தான் வெளியேறும் வழியில் அதை வைக்கவே கூடாது என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஒருவரும் அசையவில்லை.

முடிவு: மோட்டார் ரூமுக்கு அப்பால், கட்டடத்தை விட்டுத் தள்ளி, எல்லோருக்குமாக ஒரு சார்ஜ் கொட்டகை. இனி வீட்டுக்குள் யாரும் போடக்கூடாது, நானும்தான். என் டைல்ஸ் வீண். கொட்டகைக்குப் பொறுப்பாளர்: சென்னியப்பன். கை தட்டினார்கள். ராக்கியண்ணன் சார் இரண்டு முறை தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் ஜெசிந்தா நோட்டை நீட்டினார்.

"பதினெட்டாம் தேதிக்கும் இருவதாம் தேதிக்கும் மட்டும்தான் நகல் எடுத்தேன்."

"மத்தது..."

"மத்தது எதுக்கு அவியளுக்கு?" வேன் கதவைத் திறந்தவர் நின்றார். "அன்னைக்கு நான் கட்டியிருந்தது நீலம் இல்ல. மயில்பச்ச. சரியா எழுதணும்லா?"

ஓரத்தில் திருத்தி எழுதிவிட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

கிணத்துக்கடவு. புது இறக்கை போட்ட விமானம் நன்றாக ஏறியது. ஜெசிந்தா ரிமோட்டைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு வட்டம் அடித்தார். மூன்றாவது வட்டத்தில் விமானம் ஒரு எருமையை நோக்கிப் போனது. "திருப்புங்க, திருப்புங்க!" என்று நான் கத்த, "எந்தப் பக்கம்?" என்று அவர் கத்த, எருமை மட்டும் நிதானமாக நகர்ந்துகொண்டது. விமானம் புல்லில் இறங்கியது. சேதமில்லை. இருவரும் சிரித்து முடிக்க நேரமானது.

விமானத்தை எடுத்து வந்து வேன் நிழலில் உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்தார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மகள்ட்ட சொல்லிட்டேன். சரிம்மான்னா. தூத்துக்குடியில அண்ணன்கிட்டயும் சொன்னேன். ஒரு தடவ பாக்கணும்ங்காவ. வர்ற ஞாயிறு வாரீயளா?"

என்ன விஷயமாக என்று கேட்கவில்லை. அந்த அளவுக்கு நான் மட்டி இல்லை.

"லீவு கேட்டுப் பாக்கோணுங்க" என்றேன்.

"ஞாயித்துக்கெழமைக்கு எதுக்கு லீவு?"

ரிமோட்டை அணைத்துக் கீழே வைத்தேன்.

"வர்றேனுங்க" என்றேன். "கண்டிப்பா வர்றேன்."

மாலையே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன், சனிக்கிழமை காலை பஸ். அண்ணன் அதிகம் பேசமாட்டாராம், நான் பேச வேண்டியிருக்குமாம். என்ன பேசுவது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். "உங்க தங்கச்சியக் கல்யாணம் பண்ணிக்கோணும்னு ஆசைப்படறேனுங்க." இரண்டாவது தடவை சொன்னபோது குரல் உடையவில்லை.